சாயமும் ஊசியும் சொல்லும் கணக்கு

நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்த கதை நாடறிந்தது. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. செயற்கைச் சாயத்துக்கு மாற்று நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது: அவுரி இலையில் நீலம், மஞ்சிட்டி வேரில் சிவப்பு, கடுக்காயில் மஞ்சள். அவுரி பயறு வகைச் செடி என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து தருகிறது. சாயமெடுத்த சக்கையும் உரமாகிறது.

இயற்கைச் சாயம் வெளுத்துவிடும் என்பார்கள். மஞ்சள் கிழங்கின் நிறத்துக்கு அது பொருந்தும். முறையாக ஏற்றிய அவுரிக்கும் மஞ்சிட்டிக்கும் பொருந்தாது. உலகத் துணிகளுக்கெல்லாம் சாயமேற்றச் செடிகள் போதுமா என்ற கேள்வி வலுவானது. இன்று வாங்கிக் குவிக்கும் அளவுக்கு நிச்சயம் போதாது. ஆகவே வாங்கும் அளவுதான் குறைய வேண்டும். கைத்தையலின் பங்கு இங்கேதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் பூத்தையலில், படம் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். அத்தனை உழைப்பு ஏறிய துணியை யாரும் ஒரே பருவத்தில் வீசிவிடுவதில்லை. விலை கூடுதல்தான், அணியும் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகும். மலிவாக நான்கு வாங்குவதைவிட, நின்று உழைக்கும் ஒன்றை வாங்குங்கள்.