யானை வந்தாச்சு, ரயிலுக்கு எப்போ தெரியும்? ‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்’ பற்றி ஒரு எளிய விளக்கம்

2021 நவம்பர் 26 இரவு. கோவை நவக்கரை அருகே தண்டவாளத்தைக் கடந்த 3 யானைகள், மங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி இறந்தன. எட்டிமடை - வாளையார் பாதையில் இதற்கு முன்பும் இப்படிப் பல யானைகளை இழந்திருக்கிறோம்.

2024 பிப்ரவரியில் இங்கே ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ரூ.7.24 கோடி செலவில் 12 கோபுரங்கள், அவற்றில் வெப்பத்தை உணரும் தெர்மல் கேமராக்கள், சாதாரண கேமராக்கள். தண்டவாளத்தை நோக்கி யானை வந்தால் ஏஐ அடையாளம் காணும். மதுக்கரை கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து வனப் பணியாளர்களுக்கும், ரயில்வே மூலம் லோகோ பைலட்டுக்கும் எச்சரிக்கை போகும்.

உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்து வரும் ‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்’ என்ற துறையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

அப்படின்னா என்ன?

சென்சார் நிஜ உலகைப் பார்க்கிறது, கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது, அந்த முடிவு நிஜ உலகில் ஏதோ ஒன்றை மாற்றுகிறது. அந்த மாற்றத்தை சென்சார் மறுபடி பார்க்கிறது. இந்தச் சுற்றுதான் சைபர் பிசிக்கல் சிஸ்டம். காரின் ஏபிஎஸ் பிரேக், தானாக இயங்கும் சிஎன்சி மெஷின் எல்லாம் இதே குடும்பம்தான். 2006-ல் இந்தப் பெயரைக் கொடுத்தவர், அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ஹெலன் கில்.

இதில் என்ன கஷ்டம்?

நேரம்தான். போன் ஆப் 2 வினாடி தாமதமாகத் திறந்தால் நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். ரயிலில் அப்படி இல்லை. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் ஒரு வினாடியில் 12.5 மீட்டர் நகர்ந்துவிடும். கேமராவில் இருந்து லோகோ பைலட் வரை தகவல் போக 30 வினாடி ஆனால், அதற்குள் 375 மீட்டர் போய்விடும். பிரேக் போட்ட பிறகு நிற்பதற்கான தூரம் தனி.

அதாவது, ஏஐ யானையைச் சரியாகவே கண்டுபிடித்தாலும், தகவல் தாமதமாகப் போனால் பலன் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) பேராசிரியர் எட்வர்ட் லீ 2008-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: நாம் பயன்படுத்தும் புரோகிராமிங் மொழிகளில் ‘என்ன செய்ய வேண்டும்’ என்று எழுத முடிகிறது, ‘எத்தனை நேரத்துக்குள்’ என்பதற்கு அவற்றில் இடமே இல்லை. இந்த இடைவெளியை அடைப்பதுதான் இத்துறையின் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று.

ரயிலைத் தானாகவே நிறுத்திவிடலாமே?

கேட்க எளிது. ஆனால் மாட்டை யானை என்று கணித்தால்? ஒவ்வொரு தவறான எச்சரிக்கைக்கும் ரயில் நின்றால், சில நாட்களில் யாரும் அந்த சிஸ்டத்தை நம்ப மாட்டார்கள். மாறாக, எச்சரிக்கையே வராமல் போனால் உயிர் போகும். எந்த அளவு உறுதியானால் எச்சரிக்கை அனுப்புவது என்பதைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் நடுவில் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் லோகோ பைலட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆகும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

இந்தியாவில் யார் ஆராய்கிறார்கள்?

மத்திய அரசு 2018 டிசம்பரில் ரூ.3,660 கோடியில் இதற்கென ஒரு தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் நாடு முழுக்க 25 மையங்கள். சென்சார், நெட்வொர்க், கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான மையம் சென்னை ஐஐடியில் உள்ளது. இன்னொன்று வாளையாரைத் தாண்டியதும் வரும் பாலக்காடு ஐஐடியில்.

மோட்டார், பம்ப், ஜவுளி இயந்திரம் என்று வாழும் கொங்கு மண்டலத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கோடிங் தெரிந்தவர்களும் மெஷின் தெரிந்தவர்களும் இங்கே நிறையவே இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குத் தேவை. அடுத்த முறை பாலக்காடு பக்கம் ரயிலில் போகும்போது மதுக்கரை தாண்டியதும் ஜன்னல் வழியே பாருங்கள், அந்தக் கோபுரங்கள் கண்ணில் படலாம்.