உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பமும் ஜிகா வைரஸும்

ஜிகா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. 2021 ஜூலையில் கேரளத்தில் இது முதலில் உறுதியானது, காய்ச்சலும் தோலில் சிவப்புத் தடிப்புமாக வந்த ஒரு நிறைமாதக் கர்ப்பிணிக்குத்தான். அவருக்குச் சுகப்பிரசவமே ஆனது.

தாய்க்குத் தொற்று என்றாலே குழந்தைக்குப் பாதிப்பு என்று அர்த்தமில்லை. மகப்பேறு மருத்துவர் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதத்தினருக்கே தலை சிறுத்திருப்பது போன்ற கோளாறு வருகிறது. முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் ஆபத்து கூடுதல்.

இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பமுடியாது. முன்பே டெங்கு வந்துபோனவருக்கு, உடலில் இருக்கும் டெங்கு எதிர்ப்பொருளே முடிவைக் குழப்பிவிடும். அதனால் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கருவின் தலைச் சுற்றளவை அளக்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல் என்றாலும், தலை சிறுத்திருப்பது கடைசி மாதங்களில்தான் தெரியவரலாம். அடுத்த ஸ்கேனைத் தவறவிடவே கூடாது.

கணவரையும் கூட உட்காரவைத்துப் பேசுவது மிக முக்கியம். விந்து வழியாகவும் ஜிகா பரவும். தொற்றுள்ள ஊருக்குப் போய்வந்தவர், மனைவிக்குப் பிரசவம் ஆகும்வரை ஆணுறை பயன்படுத்தவேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுவோர் அப்படிப் போய்வந்திருந்தால், ஆண் 3 மாதமும் பெண் 2 மாதமும் பொறுக்கவேண்டும்.