கலகக்காரர்களின் சீருடை

ஊரோடு ஒத்துப்போக மறுப்பவர்கள் கடைசியில் ஏன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறார்கள்? இதைக் கணிதமாக ஆராய்ந்தவர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் டூபூல். 2019இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ அந்த ஆய்வைப் பற்றி எழுதியபோது, கம்பளித் தொப்பியும் தாடியுமாக ஓர் இளைஞரின் படத்தைப் போட்டது. உடனே ஒருவர் கொதித்துப்போய் எழுதினார்: என் படத்தை என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம்? படத்தை விற்ற நிறுவனத்திடம் விசாரித்தால், அதில் இருந்தவர் வேறு யாரோ. டூபூலே ஏற்பாடு செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அவருடைய கணக்கின் உயிர்நாடி தாமதம். பெரும்பாலோர் செய்வதற்கு நேர்மாறாகச் செய்பவர், அந்தப் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அந்தச் செய்தி அவரை எட்டச் சற்று நேரமாகும். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர், வழிவிடுவதற்காக ஒரே பக்கம் நகர்ந்து, மறுபடி ஒரே பக்கம் நகர்ந்து தடுமாறுவார்களே, அதேதான். தாடி இல்லாத ஊரைப் பார்த்து ஆயிரம் பேர் தனித்தனியே தாடி வளர்க்கிறார்கள். எங்கும் தாடி என்று தெரியவரும்போது ஆயிரம் பேரும் மழித்துக்கொள்கிறார்கள். தாமதம் ஓர் அளவைத் தாண்டினால் போதும், விலகி நிற்க விரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்குகிறார்கள். யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. ஆகவே இவர்களைப் போலிகள் என்று கேலி செய்வது அவசரத் தீர்ப்பு.

ஆனால் நிஜக் கலகக்காரர்கள் காப்பியும் அடித்தார்கள். லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண் கடையை நடத்திய மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் 1970களின் நடுவில் பங்க் என்னும் கலக இசையின் உடைக்கு உருக்கொடுத்தார்கள். அங்கே விலை அதிகம். வாங்க முடியாதவர்கள் பழைய சட்டையை வீட்டிலேயே கிழித்து, ஊக்கு குத்திக்கொண்டார்கள். 1977இலேயே கிழிசலும் அலங்கார ஊக்குமாக உயர்தர ஆடைகளை வடிவமைத்துவிட்டார் சாண்ட்ரா ரோட்ஸ்.

எல்லாருக்கும் அதே ஊக்கு எதற்கு? ஒரு பதில் 1950களின் சோதனை ஒன்றில் இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். பல சுற்றுகளில் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன, கண்ணெதிரே உண்மை தெரிந்தும். ஆனால் சரியான பதிலைச் சொல்லும் கூட்டாளி ஒரே ஒருவர் அறையில் இருந்தால், தவறு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. காதில் ஊக்கோடு தெருவில் போகிறவருக்கு எதிர்ச்சாரியில் இன்னோர் ஊக்கு தெரிந்தால் போதும், அதுதான் அந்தக் கூட்டாளி. சீருடை இல்லாவிட்டால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தச் சீருடையும் சிலருக்கு இறுக்கியது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் 1978 ஜனவரியில் குழுவோடு மேடைப் பெயரையும் கழற்றிவிட்டு, ஜான் லைடன் என்ற சொந்தப் பெயருக்குத் திரும்பினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழு, பங்க்கின் வேகத்தை விட்டு ஜமைக்காவின் டப் இசைப் பக்கம் சாய்ந்தது. அப்போதும் அவர் தனியாகப் போகவில்லை. பழைய கல்லூரி நண்பர் ஜா வாபிள், பேஸ் கிட்டாரோடு கூடவே வந்தார்.