ஒரே பரப்பு, இரண்டு கணக்கு

ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் மூன்று முனைகள் வழியாகவும் செல்லும் வட்டத்தைப் போடுங்கள். முனைகள் க, ச, த. க இல்லாத பக்கம் ச-வையும் த-வையும் இணைக்கும் வில்லின் மேல் ப என்று ஒரு புள்ளி. ப-விலிருந்து ச 3 செ.மீ., த 5 செ.மீ. அப்படியானால் க எவ்வளவு தூரம்?

விடை 8. ஆம், 3-ம் 5-ம் சேர்ந்தால் வரும் அதே 8. அந்த வில்லில் ப எங்கே நகர்ந்தாலும் இந்தக் கூட்டல் தவறாது. 17-ஆம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பிரான்ஸ் வான் ஸ்கூட்டன் பெயரால் வழங்கும் தேற்றம் இது. ஹைகன்ஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

தாலமியின் வட்ட நாற்கரத் தேற்றம் தெரிந்தவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது பரப்பளவு வழி. பிளஸ் ஒன் கணிதம் அதற்குப் போதும். காரணமும் கண்ணெதிரே தெரியும்.

கசபத என்ற நாற்கரத்தைப் பாருங்கள். ஒரு வயலை எந்த வரப்பால் பிரித்தாலும் மொத்தப் பரப்பு மாறாதல்லவா? இதையும் இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

முதலில் கப என்ற மூலைவிட்டத்தால். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்பதால், ப-வில் இருபுறமும் 60° கோணங்கள். இரு பக்கங்களையும் அவற்றுக்கு இடையிலான கோணத்தின் சைனையும் பெருக்கிப் பாதியாக்கினால் முக்கோணத்தின் பரப்பு. இரண்டையும் கூட்டினால், ½ × கப × (3 + 5) × சைன் 60°.

அடுத்து சத-வால். ப-வில் உள்ள முழுக் கோணம் 120°. கொசைன் விதிப்படி சத-வின் வர்க்கம் 9 + 25 + 15 = 49; பக்கம் 7 செ.மீ. பெரிய முக்கோணம் ½ × 49 × சைன் 60°. சிறியது ½ × 15 × சைன் 120°.

கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சைன் 120°-ம் சைன் 60°-ம் ஒரே மதிப்பு. அதனால் பாதியும் சைனும் இருபக்கமும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது: கப × 8 = 49 + 15 = 64. பரப்பு எத்தனை சதுர செ.மீ. என்று நாம் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை!

3, 5 என்ற எண்களுக்குப் பதில் எந்த நீளத்தை வைத்தாலும் கதை இதுவே. கொசைன் விதி இரு வர்க்கங்களையும் ஒரு பெருக்கலையும் தருகிறது. சிறிய முக்கோணம் இன்னொரு பெருக்கலைத் தருகிறது. இரண்டும் சேர்ந்து, கூட்டுத்தொகையின் முழு வர்க்கமாகிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. சப, தப இரண்டின் கூடுதல் எப்போது மிக அதிகம்? நுண்கணிதம் வேண்டாம். அந்தக் கூடுதல் கப-தான். கப ஒரு நாண். நாண்களில் நீளமானது விட்டம். ஆக, ப வில்லின் நடுவில் நிற்கும்போது உச்சம்: நம் முக்கோணத்துக்கு 14/√3, ஏறக்குறைய 8.08 செ.மீ. அப்போது சப, தப இரண்டும் சரியாக ஆரத்தின் நீளம் இருக்கும்.