எந்த எதிர்ப்பொருள் என்று பாருங்கள்

இரத்தச் சோதனைச் சீட்டில் ‘ஹெப்படைட்டிஸ்-பி எதிர்ப்பொருள் உண்டு’ என்றிருந்தால் அஞ்ச வேண்டுமா? எந்த எதிர்ப்பொருள் என்பதைப் பொறுத்தது அது.

ஈரலைத் தாக்கும் இந்த வைரசுக்கு வெளியுறை, உள்ளுறை என இரண்டு உண்டு. வைரஸ் உடலில் புகுந்தால் இரு உறைகளின் புரதங்களுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்கள் உண்டாகும். ஒவ்வொன்றும் தன் புரதத்தோடு மட்டுமே பொருந்தும். தடுப்பூசியிலோ வைரசே இல்லை. 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முறைப்படி, வெளியுறைக்கான மரபணுவை ஈஸ்டில் புகுத்தி அந்தப் புரதத்தை மட்டும் தயாரிக்கிறார்கள். (ரொட்டியை உப்பச் செய்யும் அதே ஈஸ்டுதான்!) ஊசி போட்டுக்கொண்டவரின் உடல் உள்ளுறையைக் கண்டதே இல்லை அல்லவா?

சோதனையில், பிளாஸ்டிக் குழியில் புரதத்தைப் பூசிச் சீரத்தை விடுவது ஒரு வகை. பொருந்தும் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். பின்னர் நொதி இணைத்த இன்னோர் எதிர்ப்பொருளையும் தகுந்த கரைசலையும் சேர்த்தால் நிறம் தோன்றும். ஒளியைச் செலுத்தி அதன் அடர்த்தியை அளக்கிறார்கள். இங்கே எங்கள் இயற்பியலுக்கும் வேலை உண்டு. 1971-இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மன் இருவரும் வெளியிட்ட எலைசா முறை இது.

வெளியுறைக்கு மட்டும் எதிர்ப்பொருள் இருந்தால், பெரும்பாலும் அது தடுப்பூசியின் பயன். உள்ளுறைக்கும் இருந்தால் வைரஸ் வந்திருக்கிறது. போய்விட்டதா என்றறிய, இரத்தத்தில் வெளியுறைப் புரதத்தையே தேடுவார்கள். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அது தென்பட்டால் நோய் நாட்பட்டுவிட்டது. உடல் நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.