வலையும் பாடும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த ஊர். கோட்டை இடிந்து போயிற்று. ஏரியும் இறாலும், அவற்றை நம்பிப் பிழைக்கும் குப்பங்களும் மிஞ்சியிருக்கின்றன. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது.

இப்போதெல்லாம் கடலுக்குப் போகும் படகில் வலை, குடிதண்ணீர், சோற்றுத் தூக்கு இவற்றோடு இன்னொரு சாமானும் ஏறிவிடுகிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைப்பேசி! "நடுக்கடலில் யாரோடு பேசப் போகிறார்களாம்?" என்று கேட்டுவிடாதீர்கள். அது பேசுவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல.

மீனவர்களுக்கென்றே 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்று ஒரு செயலி இருக்கிறது. சென்னைத் தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம் கம்பெனியின் உதவியோடு செய்தது. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், மீன் கூட்டம் எந்தத் திக்கில் கிடைக்கலாம், சர்வதேச எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் சொல்லும். கடலைப் பற்றிய தகவல்களை ஐதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு மையம் கொடுக்கிறது. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்ல, மீன் கூடும் இடத்தை அதிலிருந்து கணிக்கிறார்கள்.

இந்த மாதிரி ஒரு மென்பொருளை யாரோ நாலு பேர் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினார்கள் என்று எண்ண வேண்டாம். அப்படி எழுதப் புகுந்தால் ஆயுசு போதாது. வரைபடம் காட்டுவது ஒரு துண்டு. படகு இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு துண்டு. 'கொ' என்ற எழுத்துக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் இடம் மாறாமல் வைத்துத் திரையில் எழுதுவதற்குக்கூட ஒரு தனித் துண்டு உண்டு. எவரோ எதற்கோ எப்போதோ எழுதி வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்த்து, இல்லாததை மட்டும் புதிதாக எழுதுவதே இன்றைய தொழில்.

ஆகையால் வாசக சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் உங்கள் பெண்ணோ பிள்ளையோ, "இன்று பத்து வரிதான் எழுதினேன்" என்று சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அந்தப் பத்து வரி பத்துப் பேருக்கு உதவும்படி எழுதப்பட்டிருந்தால், அது ஒரு நாள் சம்பளத்துக்குத் தகுந்த வேலைதான்.

அஞ்சறைப் பெட்டி பிறந்த கதை

இது நேற்று முளைத்த யோசனையல்ல. 1949-ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 'எட்ஸாக்' என்ற ஆதிகாலக் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியபோது, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைக் காகித நாடாவில் துளையிட்டு அலமாரியில் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். கடுகு வேண்டுமானால் கடுகு, சீரகம் வேண்டுமானால் சீரகம்.

1968-இல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நிபுணர்கள் கூடினார்கள். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் அங்கே ஒரு கட்டுரை படித்தார். மற்றத் தொழில்களில் ஆணியையும் திருகையும் கடையில் வாங்கிக் கொள்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரும்பை உருக்குவதிலிருந்து ஆரம்பிக்கிறார்களே என்பது அவர் குறையின் சாரம். தரம் பார்த்துப் பொறுக்கி எடுக்கக்கூடிய உறுப்புகள் வேண்டும் என்றார். அந்த உறுப்புகளுக்குத்தான் 'காம்பொனென்ட்' என்று பெயர்.

பிறகு இன்னொன்றும் வந்தது: 'ஃப்ரேம்வொர்க்'. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டு ஏரிக்கே போகலாம்.

பாடு அழைக்கும்

அங்கே ஒரு மீனவரிடம் வலை இருக்கிறது. அவருக்கு வேண்டியபோது எடுத்து வீசுகிறார். வேண்டாதபோது சுருட்டி வைக்கிறார். எப்போது, எங்கே என்று தீர்மானிப்பவர் அவர். காம்பொனென்ட் என்பது இந்த வலை. கூப்பிட்டால் வரும், வேலை செய்யும், போய்விடும்.

ஆனால் ஏரியில் இறால் பிடிப்பதற்கு நெடுநாளாக 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் மீன்வளமுள்ள இடங்கள் இன்னின்ன என்று வகுத்து, உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறை வைத்துக் கொள்கிறார்கள். இன்று இந்த இடம் இவர்களுக்கு, நாளை அவர்களுக்கு. என் முறை வரும்போதுதான் நான் போக முடியும். போன பிறகு பிடிப்பது என் சாமர்த்தியம்; ஆனால் இடத்தையும் நாளையும் வகுத்தது பாடு. நான் பாட்டை அழைப்பதில்லை. பாடு என்னை அழைக்கிறது.

ஃப்ரேம்வொர்க் என்பதும் இதே கதைதான். வேலையின் போக்கு முழுவதும் அதில் முன்கூட்டியே வகுத்திருக்கும். எழுதுகிறவர் தம் பங்கைத் தயாராக வைத்திருந்தால், முறை வரும்போது அது கூப்பிட்டுக் கொள்ளும். இதனால் பெரிய சௌகரியம் உண்டு: ஒழுங்கைப் பற்றி ஒவ்வொருவரும் தனித்தனியே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கஷ்டமும் உண்டு. பாட்டுக்குள் வந்தவர் பாட்டின் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். விதி வகுத்தவர் நினைத்துப் பார்க்காத ஆசாமிக்கு அதில் இடமிருக்காது. பாட்டில் பங்கில்லாதவர்களின் மனக்குறை ஏரிக்கரையில் புதிதல்ல.

மாவில் வெங்காயம் போடலாமா?

எல்லாருக்கும் உதவும்படி ஓர் உறுப்பை எப்படிச் செய்வது? இந்த ரகசியம் நம் சமையலறையில் எப்போதோ தெரிந்ததுதான்.

ஒரு பானை மாவு அரைத்து வைக்கிறோம். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கும் மறுநாள் புளித்த மாவில் பணியாரம். ஆனால் அரைத்த அன்றே வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் பானை முழுவதும் கலந்துவிட்டால்? ஊத்தப்பத்தைத் தவிர வேறு கதி இல்லை. பொதுவானதைத் தனியாக வை. அந்தந்த வேளைக்கு உரியதைக் கடைசியில் சேர். மென்பொருளில் பெரிய பெரிய புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது பாடம் பாவாடை நாடா. இடுப்பளவு எடுத்துக் கொக்கி வைத்துத் தைத்தது ஒருத்திக்குத்தான் உதவும். நாடா கோத்ததை அக்காளும் கட்டலாம், தங்கையும் கட்டலாம். எது ஆளுக்கு ஆள் மாறுமோ, அந்த இடத்தில் ஒரு நாடா விட்டு வைக்க வேண்டும்.

இதைக் கடலில் வைத்துப் பாருங்கள். இராமேசுவரத்து மீனவருக்குச் சர்வதேச எல்லை உயிர்ப் பிரச்னை. "கோட்டை நெருங்குகிறாய்" என்று கைப்பேசி மணி அடித்தால் அவர் சிறைக்குப் போகாமல் தப்பலாம். பழவேற்காட்டுக்காரருக்கு அந்தக் கோடு வெகு தூரம். அவருக்கு வேறு கவலை. பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குள் போகக்கூடாது. மணி அடிக்கும் உறுப்புக்குள்ளேயே இலங்கை எல்லையைப் பதித்து எழுதினால் அது இராமேசுவரத்தோடு சரி. "ஏதோ ஒரு கோடு, அதை நெருங்கினால் மணி அடி" என்று மட்டும் எழுதி, கோட்டை வெளியிலிருந்து கொடுத்தால், அதே உறுப்பு இரண்டு ஊருக்கும் உதவும். கோடுதான் இங்கே நாடா.

பாஷையும் அப்படியே. ஏரியின் தெற்கே தமிழ், வடக்கே தெலுங்கு. எச்சரிக்கை வாசகத்தைக் கணக்கோடு கலந்து எழுதினால் கரைக்குக் கரை வேறு மென்பொருள் வேண்டும். வாசகங்களைத் தனிப் பட்டியலாக வைத்தால் பட்டியலை மாற்றினால் போதும்.

வேறு வேலைக்கு வந்த உதவி

இப்படிப் பொதுவாகச் செய்த பொருள், செய்தவர் கனவிலும் நினைக்காத வேளையில் கை கொடுக்கும். புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில், மேலே சொன்ன அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது. ஊருக்குச் செய்தி சொல்ல அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே அந்த ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். அலை உயரத்தை மட்டுமே சொல்லும்படி அதைக் கட்டிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று: 'ககன்' என்பது ஆகாய விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்பட்ட செயற்கைக்கோள் ஏற்பாடு. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காதல்லவா? 2019-இல் 'ஜெமினி' என்ற சிறு கருவி வந்தது. ககன் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை அது வாங்கி மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கிறது. விமானத்துக்குப் போட்ட பாதையில் படகுக்கும் செய்தி போகிறது!

நாற்பது விநாடி

பழவேற்காட்டுக் கரையில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் தெரியும். அதிலும் இந்தக் கலைதான். பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கிலுள்ள திட எரிபொருள் மோட்டாரே ஜி.எஸ்.எல்.வி.க்கும் நடுத்தூண். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கிலுள்ள 'விகாஸ்' எஞ்சின் ஜி.எஸ்.எல்.வி.யிலும் இருக்கிறது. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான் 3-ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டிலும் அது உண்டு. இந்த விகாஸ், பிரெஞ்சுக்காரர்களின் 'வைகிங்' எஞ்சினின் வழி வந்தது. ஐரோப்பாவின் ஏரியான் 4 ராக்கெட் பறந்ததும் வைகிங்கில்தான்.

அந்த ஏரியான் குடும்பத்திலேயே இந்தக் கலையின் அபாயமும் வெளிப்பட்டது. ஏரியான் 4-இல் திசையறியும் மென்பொருள் ஒன்று பல ஆண்டு குறையில்லாமல் வேலை செய்தது. புதிய ஏரியான் 5 வந்தபோது, "நன்றாக ஓடுகிறதே, அதையே வைப்போம்" என்று எடுத்து வைத்தார்கள். 1996 ஜூன் 4-ஆம் தேதி ராக்கெட் கிளம்பியது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த எண்ணை மென்பொருள் ஒரு சிறிய பெட்டிக்குள் போட முயன்றது. அந்தப் பெட்டியில் 32,767-க்கு மேல் கொள்ளாது. மென்பொருள் நின்றது. காப்புக்கு வைத்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது. கிளம்பிச் சுமார் 40 விநாடிக்குள் ராக்கெட் வானத்திலேயே சிதறிப் போயிற்று. நல்லவேளை, அதில் ஆட்கள் இல்லை. வேதனை என்னவென்றால், கோளாறு செய்த அந்தக் கணக்கு, கிளம்பிய பின் ஏரியான் 5-க்குத் தேவையே இல்லாத கணக்கு!

அந்தத் துண்டு பழைய ராக்கெட்டில் பிழை செய்ததே இல்லை. "இந்த வேகத்துக்கு மேல் என்னை நம்பாதே" என்ற ஒரு வரி, புதிய இடத்தில் எடுத்துப் பொருத்தியவர்கள் கண்ணில் படாமல் போயிற்று. அவ்வளவுதான்.

கேட்டுவிட்டு எடு

ஏரியில் இறாலுக்குப் போடும் வலையைத் தூக்கிக்கொண்டு ஆழ்கடலுக்கு யாரும் போவதில்லை. வலைக்கண் எவ்வளவு, நூல் எவ்வளவு தாங்கும், எந்த நீருக்கு ஏற்றது என்பது பின்னியவருக்கும் தெரியும், வீசுகிறவருக்கும் தெரியும். வலையைப் பார்த்தாலே புலப்படும். மென்பொருளில் அது கண்ணுக்குத் தெரியாது. எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே அனுபவசாலிகள் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறார்கள். ஓர் உறுப்பை மூன்று இடங்களிலாவது உபயோகித்துப் பார்த்த பிறகே "இது பொது" என்று சொல்ல வேண்டும். அது எந்த நிபந்தனைக்கு உட்பட்டு வேலை செய்யும் என்பதைக் கூடவே எழுதிக் கட்ட வேண்டும். புதிய இடத்தில் பொருத்தும்போது, பழைய இடத்தில் ஓடிய பெருமையைப் பார்க்காமல், புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் போலப் பரீட்சை செய்ய வேண்டும். இதற்கெல்லாம் நேரமும் பணமும் கூடத்தான் ஆகும். "சீக்கிரம் முடி" என்று அவசரப்படுத்தும் மேலதிகாரிக்கு இது கசக்கும்.

ஆனால் கடலுக்குள் போன படகில் வீட்டுக்காரர் இருக்கிறார். கரையிலே அடுப்பில் உலை வைத்துவிட்டு ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் கையிலுள்ள கைப்பேசி, "இன்று காற்று பலமாக வரும், திரும்பு" என்று சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துண்டு எந்த ஊரில் எவர் எழுதியதோ, அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எடுத்துப் பொருத்தியவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.