உருகாமலே உடையும் படிகம்

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கரைக்குள் கடல் புகுந்ததற்குக் காரணம், சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின்மேல் வழுக்கியதுதான். அங்கே பாறை எதுவும் உருகவில்லை. நெடுங்காலம் சேர்ந்திருந்த இறுக்கம் விடுபட்டது. அதே வகை அசைவை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பி ஒன்றுக்குள் கண்டதாகப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பவன் நுகலாவும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரித்தேஷ் அகர்வாலும் அவர்களது குழுவினரும் 2024 நவம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நிலநடுக்க ஒப்புமையும் அவர்களுடையதே. கம்பி, இன்டியம் செலினைடு என்ற அடுக்குப் பொருளால் ஆனது.

இது ஏன் முக்கியம்? சில பொருள்களில் அணுக்கள் வரிசையாக நின்றால் மின்தடை குறைவு, கலைந்து கண்ணாடிபோல் ஆனால் அதிகம். இவ்விரு நிலைகளை 0, 1 எனக் கொண்டால் நினைவகம் தயார். மின்சாரம் நின்றாலும் பதிந்தது அழியாது. ஆனால் வரிசையைக் கலைக்க வழக்கமான வழி ஒன்றுதான்: உருக்கி, சட்டென்று குளிரவைப்பது. இவ்வகை நினைவகத்தில் வழக்கமாகப் பயன்படும் கலவை உருகச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது பரவாமல் தடுத்தவற்றுள் இந்த ஆற்றல் செலவும் ஒன்று. இன்டியம் செலினைடிலோ அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கிடையே பலவீனமானது. போதாததற்கு, மின்முனைவும் தானாகவே உண்டு. மின்னோட்டம் பாயும்போது அடுக்குகளின் சிறு பகுதிகள் வெவ்வேறு திசையில் நகர்ந்து உரசுகின்றன. இதனால் படிகத்தில் உண்டாகும் குறைகள் ஓரிடத்தில் கூடியதும் அங்கே ஒழுங்கு குலைகிறது. அப்போது எழும் அதிர்வு அடுத்த பகுதியையும் குலைக்கிறது.

மின்னோட்டத்தால் சூடேறி உள்ளே இரகசியமாக உருகியிருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உருகியது கண்ணாடியாக உறைய, சூடு திடீரென அகல வேண்டும். இங்கே பாய்ந்தது விடாத நேர்மின்னோட்டம். குளிர இடைவெளியே இல்லாத இடத்தில் உருகல் விளக்கம் நிற்காது. தேவைப்பட்ட ஆற்றல் அடர்த்தி நூறு கோடி மடங்கு வரை குறைந்தது என்ற கணக்கு ஒற்றைக் கம்பிக்கு உரியது, சிப்புக்கு அல்ல என்பது அடுத்த மறுப்பு. இதை நானும் ஏற்கிறேன். சிலிக்கானோடு இணைந்து கோடிக்கணக்கான முறை மாறிமாறி உழைத்துக் காட்டும்வரை இது ஆய்வகச் சாதனைதான். ஆனாலும், உருக்கியே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை உடைந்துவிட்டது. காரைக்கால் திருவேட்டக்குடியில் இயங்கும் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மின்னணுவியல் மாணவர்களே, அந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். மீதி வேலை உங்கள் வயதினருக்காகவே காத்திருக்கிறது.